புரோகிராம் கார் என்பது ‘திட்டக் கார்’ அல்ல

அமெரிக்க டீலர்கள், பெரும்பாலும் வாடகைக்கு விட்டுத் திரும்பிய காரை, ‘புரோகிராம் கார்’ என்று சொல்லி விற்பார்கள். அதைத் தமிழ் விளம்பரங்களில் ‘திட்டக் கார்’ என்று எழுதுவது இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது தடவையாகக் கண்ணில் பட்டுவிட்டது. முதல் இரண்டு தடவை பேசாமல் கடந்துபோனேன். மூன்றாவது தடவை அதைப் படித்தவர் அமெரிக்காவுக்கு வந்து ஆறு மாதமே ஆன நண்பர். முதல் கார் தேடிக்கொண்டிருந்தார். “அண்ணே, திட்டக் கார்னு போட்டிருக்கான். அரசாங்கத் திட்டமா? நமக்கும் மானியம் கிடைக்குமா?” என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை. தமிழில் ‘திட்டம்’ என்ற சொல்லை ஒரு பொருளின் முன்னால் ஒட்டினால் நம் காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

புரோகிராம் என்ற சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘முன்’, ‘எழுது’ என்ற இரண்டும் சேர்ந்து, ஊரறிய எழுதி வைக்கும் அறிவிப்பைக் குறித்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, மேடை நிகழ்ச்சி, செயல்திட்டம், கணினிக் கட்டளைத் தொடர் என்று கிளைவிட்டது. காருக்கு முன்னால் நிற்கும் புரோகிராமுக்கு இந்த வரலாற்றால் பெரிய பயன் இல்லை. அது ஒரு நீளமான தொடரின் அறுந்த வால்.

முழுத் தொடர் மீள்கொள்முதல் புரோகிராம். கார் தயாரிப்பாளர்கள் ஹெர்ட்ஸ், ஏவிஸ் போன்ற வாடகை நிறுவனங்களுக்குப் புது வண்டிகளை மொத்தமாக விற்கும்போதே, “இத்தனை மாதம் கழித்து, இத்தனை மைலுக்குள், பெரிய அடி படாமல் கொண்டுவந்தால் இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்” என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்படி உறுதி பெற்ற வண்டி புரோகிராம் கார். உறுதி இல்லாமல் வாடகை நிறுவனமே விற்றுத் தீர்க்க வேண்டியது ரிஸ்க் கார். அந்த ரிஸ்க் மறுவிற்பனை விலை விழுந்தால் வரும் நட்டம்தான். வாங்குபவருக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லை. இதை ‘ஆபத்துக் கார்’ என்று ஒரு புண்ணியவான் மொழிபெயர்த்திருந்தார். பிரேக் பிடிக்காத வண்டி என்றல்லவா படிக்கிறவர் நினைப்பார்!

தயாரிப்பாளரிடம் திரும்பிய வண்டிகள் டீலர்கள் மட்டும் நுழையக்கூடிய ஏலத்துக்குப் போகும். அங்கே எடுத்த டீலர் தன் முற்றத்தில் நிறுத்தி, கண்ணாடியில் ‘புரோகிராம் கார்’ என்று எழுதுவார். ‘வாடகைக்கு விட்டது’ என்று எழுதினால் வாங்க வந்தவர் முகம் சுளிப்பார், ‘புரோகிராம்’ என்றால் ஏதோ தேர்ந்தெடுத்த வண்டி மாதிரி தோன்றும். போகப் போக அந்தப் போர்வைக்குள் வேறு வண்டிகளும் நுழைந்தன. கம்பெனி அதிகாரிகள் ஓட்டியது, டீலரிடம் டெமோவாக நின்றது, சர்வீஸுக்கு விட்டவர்களுக்கு மாற்று வண்டியாகக் கொடுத்தது எல்லாவற்றுக்கும் இன்று இதே பெயர்தான்.

ஆக, ஆங்கிலத்திலேயே இது மறைப்புச் சொல். ‘திட்டக் கார்’ என்று எழுதுபவர் அந்த மறைப்பையும் சேர்த்துத் தமிழாக்குகிறார். மூலத்தில் உள்ள சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: எனக்கு முன்னால் இதை யார் ஓட்டினார்கள்? ‘திட்டக் கார்’ அதற்குப் பதில் சொல்கிறதா? இல்லாத மானியத்தை வேறு ஆசை காட்டுகிறது.

இதைவிட மோசம் ‘நிரல் மகிழுந்து’ என்ற இன்னொரு மொழிபெயர்ப்பு. நிரல் நல்ல சொல், பழைய சொல். வரிசை, ஒழுங்கு என்று பொருள். நன்னூல் இலக்கணம் சொல்லும் எட்டுப் பொருள்கோளில், அதாவது செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில், நிரனிறையும் (நிரல் + நிறை) ஒன்று. கணினித் துறை அதை எடுத்துப் புரோகிராமுக்கு வைத்தது பொருத்தம்தான். அதற்காகப் புரோகிராம் வரும் இடத்திலெல்லாம் நிரலைக் கொண்டுவந்து நடுவதா? ‘நிரல் மகிழுந்து’ என்றதும் என் மனதில் வந்தது ஸ்டியரிங்கில் ஆள் இல்லாமல் தானே ஓடும் கார். மகிழுந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: தனித்தமிழ் ஆர்வத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் ஆறாயிரம் மைல் வாடகைக்கு ஓடி, பின்சீட்டில் காபி கொட்டிக் கறை பிடித்த வண்டியை மகிழுந்து என்று கூப்பிட மனம் வரவில்லை. வண்டி என்றால் போதும். கார் என்றாலும் குடி முழுகிவிடாது.

‘மீள்கொள்முதல் கார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருளை அறிந்து ஆக்கிய சொல், மதிக்கிறேன். மீள்பதிப்பு, மீள்பார்வை வரிசையில் சரியாக உட்காருகிறது. ஆனால் அது கணக்குப் புத்தகத்துக்கு உரிய சொல். மீள்கொள்முதல் செய்தது தயாரிப்பாளர், கார் வாங்கப் போகிறவர் அல்ல. அதோடு டெமோ வண்டியை யாரும் திரும்ப வாங்கவில்லை; அதற்கு இந்தப் பெயர் ஒட்டாது. வாடகை நிறுவனத்தின் ஆண்டறிக்கையை மொழிபெயர்க்க நேர்ந்தால் இதையே போடுவேன், விளம்பரத்தில் போடமாட்டேன்.

சரி, நான் சொல்வது என்ன? நம் பேச்சிலேயே சொல் இருக்கிறது. ‘வாடகைக்கு விட்ட வண்டி’. ‘ஓடிய’ என்று எழுதாமல் ‘விட்ட’ என்று எழுதுவது தெரிந்துதான் (மேலே நானே வாய் தவறி ‘வாடகைக்கு ஓடி’ என்று எழுதியிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும்). வாடகைக்கு ஓடியது என்றால் டிரைவரோடு ஓடியது, டாக்சி. வாடகைக்கு விட்டது என்றால் சாவி கைமாறியது, வந்தவரெல்லாம் ஓட்டினார்கள். இரண்டுக்கும் தேய்மானம் வேறு. ஒரே ஆள் ஓட்டிய டாக்சியின் உடம்பு ஒரு மாதிரி, நாற்பது பேர் ஓட்டிய வாடகை வண்டியின் உடம்பு இன்னொரு மாதிரி. டெமோ வண்டியை ‘ஓட்டிக்காட்டிய வண்டி’ என்று சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாண விதிகள், நாள் வாடகைக்கு விட்ட வண்டியானால் டீலர் அதை வாங்குபவரிடம் வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. அங்கே ‘புரோகிராம்’ என்று மழுப்ப முடியாது.

வாடகையே வடமொழி வழி வந்தது என்று யாராவது கிளம்புவார்கள். வரட்டும்.

நண்பர் காட்டிய அதே விளம்பரத்தில் இன்னும் இரண்டு முத்துகள் இருந்தன. ‘சர்டிஃபைட் ப்ரீ-ஓன்ட்’ என்பதற்கு வைத்த ‘சான்றளிக்கப்பட்ட முன்சொந்தமான வாகனம்’ என்பது ஒன்று. எனக்கு முன்பு சொந்தமாக இருந்ததா, மற்றவருக்கா? ‘கைமாறிய வண்டி’ என்று எழுதக் கை கூசுகிறதாம். இன்னொன்று ‘வாங்குபவர் வழிகாட்டி’. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்தின் விதிப்படி, டீலர் விற்கும் பழைய காரில் ஒட்ட வேண்டிய தாள் அது. 1985 முதல் இருக்கிறது, டெமோ வண்டிக்கும் பொருந்தும். உத்தரவாதம் உண்டா, ‘உள்ளது உள்ளபடி’ விற்பனையா என்று அதில் இருக்கும். நண்பர் வழிகாட்டி என்றதும் புத்தகம் என்று நினைத்து, “அது எங்கே கிடைக்கும் அண்ணே?” என்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். ‘விலைத்தாள்’ மாதிரி ‘உத்தரவாதத் தாள்’ என்று எழுதியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார்.

உண்மையிலேயே பணம் போகும் இடம், ‘இன்-சர்வீஸ் டேட்’ என்பதற்கு வைத்த ‘சேவைத் தேதி’ என்ற மொழிபெயர்ப்பு. நண்பர் அதை ஆயில் மாற்றிய நாள் என்று எடுத்துக்கொண்டு, போன வருடம்தான் சர்வீஸ் பண்ணியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். அது வண்டி முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த நாள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. 3 ஆண்டு, 36,000 மைல் என்று போட்டிருந்தால், ஓராண்டு வாடகைக்கு விட்ட வண்டியில் மிச்சம் இரண்டே ஆண்டு. ஹியூண்டாயின் 10 ஆண்டு எஞ்சின் உத்தரவாதமோ பொதுவாக முதல் உரிமையாளருக்கு மட்டும். அடுத்து வாங்குபவருக்கு 5 ஆண்டு, 60,000 மைல். நண்பர் பார்த்துவைத்திருந்த வண்டியும் ஹியூண்டாய்தான். ‘பயன்பாட்டுக்கு வந்த நாள்’ என்று தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தவர், விலையைப் பேச மறுபடி உள்ளே போனார்.