ரிட்: நீதிப்பேராணை

பெண்களுக்கு அரசியலமைப்பு தரும் உரிமைகளைப் பற்றிப் பேசும்போது 14 (சமத்துவம்), 15 (பாகுபாட்டுக்குத் தடை), 21 (வாழ்வுரிமை) என்ற பிரிவு எண்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. அந்த உரிமையை அரசே மறுத்தால் எங்கே போய் முறையிடுவது என்பதைச் சொல்லும் 32, 226 ஆகிய எண்கள் அவ்வளவாக வருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப்படுகிறது. 32ஆம் பிரிவைத்தான் அரசியலமைப்பின் ஆன்மா என்றும் இதயம் என்றும் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னார். அந்த இரண்டு பிரிவுகளையும் புரிந்துகொள்ள ‘ரிட்’ என்ற சொல்லை அறிந்தாக வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ரிட்’ என்றால் எழுதப்பட்டது என்றுதான் பொருள். எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்’ என்ற வினையும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. இங்கிலாந்து அரசர் தம் அதிகாரிகளுக்கு முத்திரையிட்டு அனுப்பிய சிறிய எழுத்தாணையை அப்படி அழைத்தார்கள். நம் சோழர் கல்வெட்டுகளில் இதற்கு உறவான சொற்கள் உண்டு. அரசன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அது எழுத்தாகி ஊர்ச்சபைக்கு வந்து சேர்ந்தால் திருமுகம். பழைய ‘ரிட்’டுக்குப் பொருளில் மிக அருகில் நிற்பது திருமுகம்தான். ஆனால் இன்றைய ரிட் அரசன் விரும்பி அனுப்புவதன்று. குடிமகள் கேட்க, நீதிமன்றம் அரசை நோக்கிப் பிறப்பிப்பது. அதனால் நம் பாடநூல்கள் எடுத்துக்கொண்ட ‘நீதிப்பேராணை’ என்ற சொல்லே பொருத்தம். ஆணை யாரிடமிருந்து வருகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் அலுவலகங்களில் ‘ரிட் மனு’ என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

1950க்கு முன் கல்கத்தா, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களுக்கே ரிட் அதிகாரம் இருந்தது, அதுவும் பெரும்பாலும் அந்தந்த நகர எல்லைக்குள். அரசியலமைப்பு வந்தபின் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் 226ஆம் பிரிவு வழியே அது கிடைத்தது. அடிப்படை உரிமை பறிபோனால் 32ஆம் பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம்.

பேராணைகள் ஐந்து வகை. நாளிதழில் அடிக்கடி கண்ணில் படுவது ஆட்கொணர்வு மனு. ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்ற லத்தீன் தொடர், பிடித்துவைத்திருக்கும் ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்து என்று கட்டளையிடுகிறது. சட்டவிரோதக் காவலுக்கு எதிரான இந்த மனுவை, விரும்பியவரை மணந்த மகளை மீட்கப் பெற்றோரும் தாக்கல் செய்கிறார்கள். இங்கே ஒவ்வொரு பெண்ணும் அறிய வேண்டிய ஒன்று உண்டு. 18 வயது நிறைந்தவள் என்றால், அவளை யாரிடம் ஒப்படைப்பது என்பது கேள்வியே அல்ல. அவள் எங்கே போக விரும்புகிறாள் என்பதுதான் கேள்வி. தந்தை தொடுத்த ஆட்கொணர்வு மனுவில் ஒரு பெண்ணின் திருமணத்தையே கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, வயது வந்த பெண்ணின் தேர்வே முடிவானது என்று நிலைநாட்டியது.

அடுத்து ‘மாண்டமஸ்’, செயலுறுத்தும் பேராணை. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாத அதிகாரியைச் செய்யவைப்பது. மற்ற மூன்று: கீழ் நீதிமன்றம் தன் அதிகார வரம்பை மீறாமல் தடுக்கும் தடையுறுத்தல்; கீழ் நீதிமன்றத்தின் ஆவணங்களை வரவழைத்துத் தவறான ஆணையை ரத்து செய்யும் ஆவணக் கேட்பு; எந்தத் தகுதியில் பொதுப் பதவியில் இருக்கிறாய் என்று கேட்கும் தகுதிவினவல்.

கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்ததும் ரிட் மனுவே. உயில் எழுதாமல் தந்தை இறந்தால், திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் என்றிருந்தது 1916ஆம் ஆண்டுச் சட்டம். 1986இல் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கி, மகளுக்குச் சமபங்கு உண்டு என்றது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 1997ஆம் ஆண்டு விசாகா நெறிமுறைகளும் ஒரு ரிட் மனுவில் கிடைத்தவை. 2013இல் அவை சட்டமாயின.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். ரிட் பெரும்பாலும் அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் எதிரானது. கணவன் அடித்தால் அதற்குக் காவல் நிலையமும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலரும் உண்டு.

விதவை உதவித்தொகை கேட்டு அலைகிறவர், செயலுறுத்தும் பேராணை கேட்பதற்கு முன் உரிய அதிகாரியிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவைத்திருக்க வேண்டும். கேட்டும் கிடைக்கவில்லை என்று காட்டத் தாள் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, எந்தப் பெண்ணும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்றத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது; உதவி எண் 15100.