ரெண்டு மணி நேரம் கூட நிற்கச் சொன்னால்: பிரிட்டனில் பகுதிநேர வேலையும் உங்கள் உரிமையும்

இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது முதலாளி, "தம்பி, இண்டைக்கு ஒரு ரெண்டு மணித்தியாலம் கூட நிண்டிட்டுப் போறீரோ?" என்கிறார். லண்டனில் பெட்ரோல் பங்க்கிலோ நம்மவர் கடையிலோ பகுதிநேரமாக வேலை பார்க்கும் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயந்தே பலர் தலையாட்டிவிடுகிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுவான சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுங்கள். 2020 ஏப்ரல் 6-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும், எந்த நாட்களில் எத்தனை மணி நேரம் வேலை, அந்த நேரம் மாறுமா என்பதை முதல் நாளே எழுத்தில் தந்திருக்க வேண்டும். கூடுதல் நேரம் கட்டாயம் என்று அதில் இருந்தால் நிற்கத்தான் வேண்டும். இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்லலாம். ஜீரோ அவர்ஸ், அதாவது வாரம் இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதி இல்லாத ஒப்பந்தத்தில் இருப்பவர் எந்த ஷிஃப்டையும் மறுக்கலாம். வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று அவரைத் தடுக்கவும் முடியாது.

கட்டாயம் என்று எழுதியிருந்தாலும் அதற்கு எல்லை உண்டு. 17 வாரச் சராசரியில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க, நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே பொதுவாக 11 மணி நேரம் ஓய்வு வேண்டும். இரவு 11-க்குக் கடையைப் பூட்டியவரையே காலை 7-க்குத் திறக்கச் சொன்னால் எட்டு மணி நேரம்தானே ஆகிறது?

அடுத்து காசு. பலர் ஏமாந்துபோவது இங்கேதான். உங்களுக்கு வாரம் 16 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதே கடையில் முழுநேர ஊழியருக்கு 39 மணி நேரம்; அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்குச் சம்பளம். நீங்கள் எட்டு மணி நேரம் கூடப் பார்த்து 24 ஆக்கினால், அந்த எட்டுக்கும் சாதாரணச் சம்பளம்தான். 39-ஐத் தாண்டினால்தான் ஒன்றரை மடங்கு. 2000-ஆம் ஆண்டின் பகுதிநேர ஊழியர் விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் 39-ஐத் தாண்டிய பிறகும் "நீ பார்ட் டைம்தானே" என்று அந்த உயர்வை மறுத்தால் அது விதிமீறல். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அப்படிக் கேட்டதற்காக வேலையை விட்டு அனுப்புவதும் சட்டவிரோதம்.

அதைவிட எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகு கல்லாவை எண்ணி, தரையைத் துடைத்து, குப்பையைக் கட்டி வெளியே வைக்க இருபது நிமிடம் ஆகிறது. ரோட்டாவில் (வேலை நேர அட்டவணையில்) பத்து மணியோடு முடிந்ததாக இருக்கும். வாரம் ஐந்து நாள் என்றால் 100 நிமிடம். 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.71 பவுண்டு. அந்தக் கணக்கில் வாரத்துக்கு 21 பவுண்டுக்கு மேல் போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் வாங்குபவரிடம் இப்படி இலவசமாக வேலை வாங்குவது சட்டவிரோதம். மணிக்கணக்கில் சம்பளம் என்றால் பேஸ்லிப்பில் எத்தனை மணி நேரம் என்றும் காட்டியாக வேண்டும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள்.

ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டப்படிப்பு, மேற்படிப்பு என்றால் பொதுவாகப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்; அதற்குக் கீழான படிப்பு என்றால் 10. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16, சராசரி 20 என்ற கணக்கு செல்லாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். கையில் காசாக வாங்கியதும் சேரும். சம்பளமே தராத அந்த இருபது நிமிடமும் சேரும். மிச்ச நேரத்தை செல்ஃப் எம்ப்ளாய்டு என்று போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்த விசாவில் அதற்கு அனுமதியே இல்லை. மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் கோடை மாதங்கள் பொதுவாக விடுமுறையாகக் கருதப்படுவதில்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே முழுநேரம் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை முதலாளிக்கு உதவப்போய் விசாவே ரத்தாகலாம். "அண்ணா, எனக்கு இந்த வாரம் இருபது முடிஞ்சுது" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்றிலிருந்தே வந்த நேரம், போன நேரம் இரண்டையும் போனில் குறித்து வையுங்கள். ரோட்டா ஒட்டியதும் ஒரு படம் எடுங்கள். கணக்கு உதைத்தால் முதலில் முதலாளியிடம் மெசேஜிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். பேச்சோடு விட்டால் ஆதாரம் இருக்காது. அதற்கும் வழி பிறக்காவிட்டால் வேலைத் தகராறுகளில் ஆலோசனை தரும் அமைப்பான ஏகாஸின் (Acas) உதவி எண் 0300 123 1100. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றாலும் முதலில் ஏகாஸிடம்தான் பதிய வேண்டும். அதற்குக் கெடு உண்டு, மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.