எத்தனை எம்எம் வெல்டு? யார் சொல்ல வேண்டும்?

மாதவரத்தில் 24 மீட்டர் அகல கோடவுன் ஒன்றுக்கு ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம், செய்துகொண்டிருந்தார்கள். பார்வையிடப் போயிருந்தேன். ‘L’ வடிவ இரும்பு ஆங்கிள்களைத் தரையில் பரப்பி, தற்காலிகமாகப் பிடித்து நிற்க டேக் வெல்டு வைத்தாயிற்று. டிராயிங்கில் எல்லா ஆங்கிளுக்கும் அளவு உண்டு. அவை கூடும் இடத்தில் மட்டும் ஒரு வட்டம், பக்கத்தில் ‘இணைப்பு ஃபேப்ரிகேட்டர் பொறுப்பு’ என்று ஒரு வரி. ஃபேப்ரிகேட்டர் என்றால் இரும்பை வெட்டி, வெல்டு செய்து தருபவர்.

வெல்டர் கேட்டார்: “எத்தினி எம்எம் சார் ஓட்டணும்?”

சரியான கேள்வி. ஆனால் அந்த ஆங்கிளில் எவ்வளவு விசை வருகிறது என்று டிராயிங்கில் இல்லை. என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை.

முடித்திருந்த ஒரு ஜாயின்டில் கேஜ் வைத்துப் பார்த்தேன். 4 மி.மீ. அதுவும் ஆங்கிளின் நுனிப்பக்கம் மட்டும். விசையின் பெரும்பங்கை வாங்கும் மூலைப்பக்கம் காலியாக இருந்தது.

6 மி.மீ. வெல்டைப் பட்டறையில் 10 செ.மீ. நீளம் ஓட்டினால், எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800 கணக்குப்படி சுமார் 8 டன் தாங்கும். அதே நீளத்துக்கு 4 மி.மீ. வெல்டை சைட்டில் போட்டால் நாலரை டன்தான். வெல்டின் பலத்தை வகுக்கும் பாதுகாப்புக் காரணி சைட் வெல்டுக்கு 1.25 அல்ல, 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதில் காற்றையும் சேர்க்க வேண்டும். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பரில் வர்தா அடித்ததை வடசென்னை ஷெட்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எடை குறைந்த ஷீட் கூரையைப் புயல் மேலே தூக்கும். அப்போது இழுவையில் இருந்த கீழ் ஆங்கிள் அழுத்தத்துக்கு மாறும். டிராயிங்கை மட்டும் பார்க்கும் ஃபேப்ரிகேட்டருக்கு இது எப்படித் தெரியும்? விசையைக் கணக்கிட்ட பொறியாளருக்குத்தான் தெரியும்.

அதனால் என் கருத்து இதுதான். தனியாக வடிவமைத்த ட்ரஸ் என்றால், ஆங்கிள் போன்ற உறுப்புகளைக் கணக்கிட்டவரே இணைப்பையும் கணக்கிட வேண்டும். ஃபேப்ரிகேட்டரிடம் தேர்ந்த பொறியாளர் இருந்தால் அவரிடம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு உறுப்புக்கும் இழுவை, அழுத்தம் இரண்டையும் டிராயிங்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் கணக்கையும் ஷாப் டிராயிங்கையும் (பட்டறை வேலைக்கான வரைபடம்) சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹையாத் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல், கீழ் பாலங்கள் இரண்டையும் தொங்கவிட வேண்டிய ஒரே நீளக் கம்பியை இரண்டாக்கியதில் மேல் பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. இணைப்பை ஃபேப்ரிகேட்டர் பார்த்துக்கொள்வார் என்று வடிவமைத்த தரப்பு வாதாடியது. எடுபடவில்லை, பொறியாளர்களின் உரிமம் ரத்தானது.

ஷெட் கட்டும் உரிமையாளர்களுக்கு ஒன்று. கிலோவுக்கு இவ்வளவு என்று ரேட் பேசும்போதே, இணைப்புக் கணக்கு யார் தருவது என்று கேட்டு ஆர்டரில் எழுதிவிடுங்கள். அந்த ரேட்டில் பெரும்பாலும் அது சேர்வதில்லை.

மாதவரத்தில் வேலையை நிறுத்தி, விசைகளைக் கேட்டு வாங்கினோம். சப்போர்ட் பக்கத்தில் ஆங்கிள்களை இணைக்கும் தகடுகளான குசெட் பிளேட்டுகளைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வெல்டர் ஒவ்வொரு ஜாயின்டிலும் சாக்பீஸால் 6, 8 என்று எழுதிவிட்டுத்தான் ஹோல்டரை எடுக்கிறார்.