சரணாலயம்: புகலா, அடைக்கலமா?

போன ஞாயிறு அக்கா மகளை வண்டியில் குரும்பப்பட்டிக்குக் கூட்டிப் போனேன். மயில் கூண்டின் கம்பி வலையைப் பிடித்து நின்றவள், "சரணாலயம்னா கூண்டுங்களா மாமா?" என்றாள். கிளம்பும்போது 'சரணாலயம் போறோம்' என்று வாய்தவறிச் சொன்னது நான்தான்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் 1981இல் தொடங்கிய குரும்பப்பட்டி, உயிரியல் பூங்கா. சேலத்துக்காரர் வாயில் ஜூ. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜூ வேறு, சரணாலயம் வேறு. சரணாலயத்தில் விலங்கு தன் போக்கில் திரியும். அடங்கி நடக்க வேண்டியவர்கள் நாம்.

சொல் வடமொழி: சரணம், ஆலயம். ஆலயம் என்றதும் நமக்குக் கோபுரம் நினைவுக்கு வரும். இருப்பிடம் என்பதே அதன் பொருள். பனி இருக்கும் இடம் இமாலயம். சரணத்தில்தான் குழப்பம். வடமொழியில் புகல் என்னும் சரணம் ஒன்று, கால் என்னும் சரணம் இன்னொன்று. முதலெழுத்தே அங்கே வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ச' என்பதால், சரணடைவது என்றால் காலில் விழுவது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆங்கிலத்து 'சாங்சுவரி'யும் கோயில் வழி வந்ததுதான். தேவாலயத்துக்குள் ஓடிப் புகுந்தவனைப் பிடிக்கக் கூடாது என்பது பழைய ஐரோப்பிய வழக்கம். அந்தச் சலுகை பிறகு பறவைக்கும் கிடைத்தது.

தமிழில் இரண்டு சொல் உண்டு. 'புகு' தந்தது புகல், புகலிடம்: தானே வந்து நுழையும் இடம். அடைக்கலம் என்பது ஒருவர் பொறுப்பில் விடுவது. கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்குச் சிலம்பில் அடைக்கலக் காதை என்றே பெயர். ஓட்டு வீட்டு இறவாணத்தில் கூடு கட்டும் சிட்டுக்குருவியை அடைக்கலக்குருவி என்பார்கள். அது தானாகத்தான் வருகிறது. ஆனால் வந்துவிட்டால் கூட்டைக் கலைக்க அப்பத்தா விடமாட்டார்.

ஆகவே வேடந்தாங்கலுக்குப் 'பறவைகள் புகலிடம்' என்பதே என் தேர்வு. காப்பகம் என்னலாமே என்றால், அதைப் புலி எடுத்துக்கொண்டது: முதுமலை புலிகள் காப்பகம். கூண்டில் வைத்துத் தீனி போட்டு வளர்ப்பதற்கு வேண்டுமானால் அடைக்கலம் பொருந்தும்.

திரும்பும்போது கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் வண்டியை நிறுத்தினேன். ஏரிக்குள் மண் குவித்து மரம் வளர்த்த திட்டுகளில் கொக்குகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இருபது வரை எண்ணியவள், இருபத்தொன்று எது என்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.