‘தலைவர் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால்

கடலூர் பக்கத்து ஊராட்சி ஒன்றில் ஓர் அம்மா, வீட்டு வரியை இறந்துபோன கணவர் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்ற நாலு மாதம் அலைந்தார். மஞ்சள் பையில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய ரசீது எல்லாம் இருந்தது. “தலைவர் தவறிட்டாரு, புது ஆள் வரட்டும்மா” என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

புது ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. தலைவர் இறந்தாலும், ராஜினாமா செய்தாலும், கலெக்டர் நீக்கினாலும், அடுத்தவர் தேர்வாகும்வரை அந்த வேலையைத் துணைத்தலைவர் பார்க்க வேண்டும். 1969இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் இறந்ததும் துணைத்தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்ற மாதிரிதான். ஆனால் இடையில் தேர்வாகி வரும் குடியரசுத் தலைவருக்கு முழுசாக 5 வருடம், ஊராட்சித் தலைவருக்கு மிச்சக் காலம் மட்டும்.

ஜனங்கள் ஏமாறுவது வேறு இடத்தில். தலைவியின் வீட்டுக்காரரோ மகனோ ஊராட்சி முத்திரையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தருவார், வாங்காதீர்கள், அது செல்லாது, பிறகு நீங்கள்தான் மாட்டுவீர்கள். அப்புறம், காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பறித்தார்கள் என்றால் தலைவர் போய்விட்டார் என்று அர்த்தமில்லை, பதவியில்தான் இருக்கிறார், மற்ற வேலையைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஐந்து வருடம் முடிந்துவிட்டால் கதையே வேறு. கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது, துணைத்தலைவரும் கூடவே போனார். அதன்பின் பிடிஓதான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்தான், தலைவர் வேலையைப் பார்க்கும் தனி அலுவலர். ஒரு பிடிஓ, அவர் தலையில் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளும், ஆளைப் பிடிப்பதே பெரிய பாடு. புதுச்சேரியின் கதை இன்னும் மோசம், 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை.

சாதி, வருமானச் சான்றுக்குத் தலைவர் கையெழுத்து கேட்டால் நம்பாதீர்கள். அது விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் வழியில் போகிற வேலை. மற்றதற்கு, வாய்ப்பேச்சு வேண்டாம், மனுவாக எழுதி நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த அம்மாவும் அப்படித்தான் செய்தார், பத்தே நாளில் புது ரசீது வந்தது. பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதற்கு இப்போது தனியாக நடக்கிறார்.