ஜூன் 5-இல் நட்ட கன்று ஐப்பசி வரை தாங்குமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, பள்ளி கல்லூரிகளில் மரக்கன்று நடுகிறோம். மாணவர்கள் ஆர்வமாகத்தான் வருகிறார்கள். ஆனால் சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் அந்த நேரத்தில் மண் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கத்திரி வெயில் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அடுத்து ஆடிக் காற்று இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். எங்கள் பக்கம் நம்பக்கூடிய மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான், அதுவும் ஐப்பசியில்தான் பிடிக்கும். அதுவரை நான்கு மாதத்துக்கும் மேல் யாராவது குடம் குடமாகச் சுமந்து ஊற்றினால்தான் அந்தக் கன்று பிழைக்கும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நீலகிரிக்கும் கன்னியாகுமரிக்கும் பொருந்துகிற தேதி கண்மாய்ச் சீமைக்குப் பொருந்தவில்லை.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளின் தேசிய பசுமைப் படை ஆசிரியர்கள் "இந்த வருஷம் என்ன சார் செய்யலாம்?" என்று கேட்டு அடிக்கடி வருவார்கள். நான் முதலில் சொல்வது, இரண்டு நாட்காட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதுதான். ஒன்று மாணவர்களின் ஆண்டு: ஜூனில் திறப்பு, டிசம்பரில் தேர்வு, ஏப்ரலில் மறுபடி தேர்வு, மே மாதம் ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இன்னொன்று நிலத்தின் ஆண்டு: பழம் விழும் காலம், மழைக்காலம், தண்ணீர் வடியும் காலம், கோடை. இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் உள்ள வேலையை எடுத்தால் அது நிலைக்கும். ஒத்துப்போகாத வேலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும். இதற்கு என்ன பொருள் என்றால், இன்று நடுகிற மாணவர் அந்த மரத்தின் முதல் பூவைப் பார்க்கும்போது இங்கே இருக்கப்போவதில்லை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஆள் கேட்காத வேலையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

அப்படி ஒரு வேலைதான் பனை விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். மாணவர்கள் அப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். கொட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, மரத்தடியில் கிடப்பதைச் சாக்கில் அள்ளி வந்தால் போதும். விதைத்த சில வாரத்தில் மழை தொடங்கிவிடும். முளை மேலே வருவதற்கு முன் கீழே இறங்கும். மண்ணுக்குள் ஆழத்தில் போய்க் கிழங்காகத் திரளும். முதல் இலை வெளியே எட்டிப் பார்க்க மாதக்கணக்கு ஆகும். அதற்குப் பிறகும் பல ஆண்டு குருத்து மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருப்பதால், ஆடு ஓலையைக் கடித்தாலும் கன்று சாகாது. கோடையில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். செங்கல் சூளைக்காக எவ்வளவு பனை வெட்டப்பட்டது என்பதைப் பார்த்தவன் என்பதால், இந்த வேலையில் எனக்குக் கூடுதல் பற்று உண்டு.

ஆனால் இதையும் யோசிக்காமல் செய்தால் வீணாகும். ஒரு கண்மாய்க் கரையில் மாணவர்கள் வரிசையாகக் குழி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மேல போடாதீங்கப்பா. அறுப்புக்கு மிசின் இந்தத் தடத்துலதான் போகும். வெளிச்சரிவுல போடுங்க" என்றார். மடைக்குப் பக்கத்திலும் போடாதீர்கள், ஷட்டர் மராமத்துக்குத் தோண்டும்போது போய்விடும் என்று அவரே சேர்த்துச் சொன்னார். கரையில் தினமும் நடக்கிறவருக்குத் தெரிவது நம் பாடப்புத்தகத்தில் இருக்காது. மாணவர்கள் குழிகளை வெளிச்சரிவுக்கு மாற்றினார்கள். ஒரு கொட்டைக்கும் அடுத்ததற்கும் பத்தடி இடைவெளி விட்டு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் புதைத்தார்கள்.

இன்னொரு சங்கதி தை மாதத்தில் தெரியும். பொங்கலுக்குப் பனங்கிழங்கு எல்லோருக்கும் வேண்டும். கரையில் கொட்டை புதைத்திருப்பது ஊருக்குத் தெரியும், ஏன் புதைத்தார்கள் என்பது தெரியாது என்றால், பிள்ளைகள் தோண்டி எடுத்து அவித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொட்டையைக் குவித்து மண் மூடினால் கிழங்குக்கு என்றுதான் அர்த்தம், காலங்காலமாக அப்படித்தான். அதனால் நான் இப்போது சொல்லும் யோசனை, அள்ளி வந்த கொட்டையில் ஒரு பங்கை ஊர்ப் பொது இடத்தில் கிழங்குக்கென்றே பாத்தி போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்பது. கரையில் இருப்பது மரத்துக்கு, பாத்தியில் இருப்பது பொங்கலுக்கு. இதைச் செய்த இடங்களில் கரை விதைகளை யாரும் தொடுவதில்லை.

அனுமதி வாங்குவதையும் சொல்லிவிடுகிறேன், பல குழுக்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் உள்ள பெரிய கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எது யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். வேர் பருத்துக் கரையைப் பிளக்கும் ஆல், அரசு போன்ற மரங்களைக் கரையில் வைக்கப் பொறியாளர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயம்தான். பனையின் வேர் நார்நாராக ஓடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவ்வளவு தயக்கம் இருக்காது.

சீமைக் கருவேலத்தைப் பற்றிக் கேட்காத மாணவர் குழு இல்லை. ஏழு நாள் முகாமில் வெட்டி அழித்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். அரிவாளால் வெட்டிய அடிக்கட்டை ஒரே மழையில் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக வரும். முள் குத்திய காலோடு மாணவர்கள் வீடு திரும்புவதுதான் மிச்சம். வேரோடு எடுப்பது பொக்லைன் வேலை. அதை ஊராட்சியிடமும் துறையிடமும் விட்டுவிடுங்கள். மாணவர்களுக்குத் தோதான வேலை அதற்குப் பிறகு வருகிறது. காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலிருந்து கார்த்திகை, மார்கழியில் சின்னச் சின்ன நாற்றாக முளைத்து நிற்கும். மண் ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். சுத்தம் செய்த இடத்தில் இரண்டு, மூன்று ஆண்டு இதைத் தொடர்ந்தால்தான் செலவழித்த பணத்துக்குப் பலன். இந்த அடுத்தகட்ட வேலைக்குத்தான் எங்கும் ஆள் கிடைப்பதில்லை.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். மாணவர்களால் செய்ய முடிகிற, வேறு எவரும் செய்யாத ஒரு வேலை உண்டு: ஒரே இடத்தை, ஒரே முறையில், மாதாமாதம் அளந்து எழுதி வைப்பது. உதாரணத்துக்கு ஊர்க் கிணற்றின் நீர்மட்டம். ஒரு நீள டேப், அதன் நுனியில் கட்ட ஒரு கனமான நட்டு, ஒரு நோட்டு, இவ்வளவுதான் செலவு. கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே டேப்பை இறக்க வேண்டும். நட்டு தண்ணீரைத் தொடும்போது 'தொப்' என்று சத்தம் வரும், அந்த நொடியில் அளவைப் படித்துச் சொல்ல வேண்டும். சுவரின் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் என்று கிடைத்துவிடும். மோட்டார் ஓடும் நேரத்தில் அளந்தால் கணக்கு தப்பாகும் என்பதால் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பே போய்விட வேண்டும். சுவர் மார்பளவு உயரம் இல்லாத கிணறு வேண்டாம், எத்தனை பேர் கெஞ்சினாலும்.

இரண்டு வருடக் கணக்கு சேர்ந்துவிட்டால் அதை வைத்துப் பேசலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கண்மாய் நிறைந்த ஆண்டில் கிணறு எவ்வளவு ஏறியது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்ட ஆண்டில் எவ்வளவு இறங்கியது என்று ஒரு சார்ட்டில் வரைந்து அன்று சபையில் வைக்கலாம். "வரத்துக்காலைத் தூர்வாருங்கள்" என்று வெறும் வாயால் கேட்பதற்கும், சொந்த ஊர்க் கிணற்றின் கணக்கைக் காட்டிக் கேட்பதற்கும் கிடைக்கிற மரியாதையே வேறு. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே வகைதான். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். வலசை வந்த வாத்துகள் கண்மாயில் இருக்கும் காலம், மாணவர்களும் சொந்த ஊரில் இருக்கும் காலம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

மாணவர் பணி பல தலைமுறை நிற்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சென்னைக் கடற்கரையைக் காட்டுவேன். அங்கே கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பு 1988-இலிருந்து நடக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளை எடுத்து வந்து பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ 45 நாளில் குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். ஆரம்பித்த மாணவர்கள் எல்லோரும் எப்போதோ படிப்பை முடித்துவிட்டார்கள், வேலை நிற்கவில்லை. அதே கரை, அதே மாதங்கள், மூத்தவர் நடக்கும்போது இளையவர் கூட நடந்து கற்றுக்கொள்வது, இவைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பார்த்து யாரும் தாங்களாகவே முட்டையைத் தொட்டுவிட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது, வனத்துறை அனுமதி கட்டாயம்.

நகரத்துக் கல்லூரிக்குக் கண்மாயும் இல்லை கடலும் இல்லை என்றால், வளாகக் குப்பையில் தொடங்கலாம். ஒரு நாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு, மக்குவது, மக்காதது, ஆபத்தானது என்று பிரித்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேநீர்க் கப்புகளைக் கிழித்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு தெரியும். அவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருப்பவை. கேன்டீன் நடத்துகிறவரிடம் எடையோடு போய்ப் பேசினால் எவர்சில்வர் டம்ளர் வரும்.

இந்த ஆண்டு பனை விதைக்க நினைக்கும் குழு ஆடியிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊராரிடம் சொல்லி, எந்தக் கரை, எந்தப் பக்கம் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். பெற்றோர் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி, எல்லோருக்கும் மூடிய காலணி இவற்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்; மழைக்காலத்துக் கரையில் பாம்பு இருக்கும். நோட்டை முதலாண்டு மாணவர் ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் எழுதினால் அது ஏப்ரலில் அவரோடு போய்விடும்.