ஸ்டாண்ட்-அப் காமெடி: தமிழில் என்ன சொல்லலாம்?

கோத்தகிரி கடைவீதியில் ஒரு பேக்கரியின் மாடி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே முப்பது நாற்காலி போட்டு, ஒரு மைக் வைத்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுகிறார்கள். ஸ்டாண்ட்-அப் காமெடி. அதை நடத்துகிறவர்களில் ஒருவன் பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன். போன மாதம் வீட்டுக்கு வந்தான். "டீச்சர், இந்தத் தடவை போஸ்டரை முழுக்கத் தமிழ்லயே எழுதலாம்னு இருக்கோம். ஸ்டாண்ட்-அப் காமெடிக்குத் தமிழ்ல என்னங்க டீச்சர்?" என்றான். சட்டென்று எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று டீ கொடுத்து அனுப்பினேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஸ்டாண்ட்-அப் என்றால் எழுந்து நிற்பது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மியூசிக் ஹால் அரங்குகளில் இந்த அடைமொழி புழங்கத் தொடங்கியது. அதே காலத்தில் அமெரிக்காவில் வோட்வில் என்ற கதம்ப நிகழ்ச்சி ஊர் ஊராக நடந்தது. ஆட்டம், பாட்டு, வித்தை, பழக்கிய மிருகங்கள் என்று எல்லாம் உண்டு. ஒன்று முடிந்து அடுத்ததற்குக் காட்சி மாற்ற வேண்டுமானால், திரையை இறக்கிவிட்டு ஒரு ஆளை அதற்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். பின்னால் பலகை நகர்த்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். முன்னால் இவர் நின்ற இடத்திலேயே பேசி, ஜனங்கள் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, அந்த ‘நிற்பது’ கால் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. கதாபாத்திரம் இல்லை, கூட நடிக்க ஆள் இல்லை, தனியாக நிற்பது.

ஆனாலும் அன்றைக்கு அவர்கள் சொன்னவை பெரும்பாலும் பொதுச் சரக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாம். 1950-களில் அமெரிக்காவில் மார்ட் சால், லென்னி புரூஸ் போன்ற காமெடியன்கள் வந்த பிறகு அது மாறியது. மார்ட் சால் கையில் செய்தித்தாளோடு மேடையேறி அன்றைய அரசியலைப் பேசினார். 1970-களில் ரிச்சர்ட் பிரையர் தன் வாழ்க்கையின் காயங்களையே எடுத்துப் பேசினார். ‘நான்’ என்ற சொல் இந்தக் கலைக்குள் வந்தது அப்படித்தான். நமக்கு வேண்டிய தமிழ்ச் சொல்லில் அந்த ‘நான்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காமெடி கிரேக்கத்திலிருந்து வந்தது. கோமோஸ் என்றால் குடித்துக் கூத்தாடிப் போகும் ஊர்வலம். அதில் பாடும் பாட்டு என்பதிலிருந்து கோமோய்டியா, அதிலிருந்து காமெடி. கவனித்தால், அந்தச் சொல்லின் வேரில் சிரிப்பே இல்லை. பாட்டும் கூட்டமும்தான் இருக்கின்றன.

தமிழில் நேரெதிர். நம் சொல்லின் வேரே சிரிப்பு. நகு என்றால் சிரி. கன்னடத்திலும் நகுதான், தெலுங்கில் நவ்வு. கூடலூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிற அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நம்ம ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறோமா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். நகு என்பதற்கு இன்னொரு பொருள் ஒளிவிடுதல். பூ மலர்வதையும் நகுதல் என்றே சொன்னார்கள். அதனால்தான் நகை என்ற ஒரே சொல் சிரிப்பு, ஒளி, பல், பூ, அணிகலன் என்று இத்தனையையும் குறிக்கிறது. இருட்டில் ஒன்று பளிச்சென்று தெரிவதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொது. எனக்கு இது மிகவும் பிடித்த சொல், மறைக்கவில்லை.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மனத்தின் உணர்ச்சி உடம்பில் தெரிவதை, சொல்லும்போது ‘நகையே அழுகை’ என்று சிரிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. சிரிப்பு எதிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் கேலி. இளமை பிள்ளைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்றால் யாரோ சொல்லிக்கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது. இந்த நான்கைக் கையில் வைத்துக்கொண்டு பேக்கரி மாடியில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே பேசுவது அத்தனையும் இவற்றில் ஏதோ ஒன்றில் அடங்கிவிடுகிறது. இதில் எள்ளலை உரையாசிரியர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது இன்னொன்று. மேலே நாம் தேடிய ‘நான்’ அந்த இரண்டாவதில் இருக்கிறது.

அந்தப் பையன் பேசியதைப் பார்க்கத்தான் போன சனிக்கிழமை போனேன். அவன் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் லட்சக்கணக்கானோர். அவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. டேன்டீ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அவன் அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறார்.

தலையில் கம்பளிக் குல்லாவோடு வந்து நின்றான். வெளியே மழை, மாடிக்கு மேலே தகரக் கூரை. முதலில் செல்போன் டவர் பற்றி ஏதோ சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் பின் வரிசையில் யாரோ வர்க்கியைக் கடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி, பாட்டி கதைக்கு வருவோம்" என்றான். "அங்க எங்களை இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்றாங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கற வரைக்கும், அந்தக் கொஞ்ச நேரந்தான் எங்க பாட்டியை யாரும் நீ எந்த ஊருன்னு கேக்கலை."

ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டாவது வரிசையில் சால்வை போர்த்திய ஒரு அம்மா முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு மாடி முழுக்கச் சிரித்தது, மழைச் சத்தத்தை மீறி.

நிகழ்ச்சி முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன், "அந்த டவர் கதை என்னடா ஆச்சு?" "மொக்கை வாங்கிட்டேன் டீச்சர்" என்றான். இந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மொக்கை என்றால் மழுங்கியது. எஸ்டேட்டில் கவாத்துக் கத்தி மொக்கையாகிவிட்டால் செடி பிய்யும், சீராக வெட்டாது. சிரிப்பு எழாத ஜோக்குக்கும் அதுதான் நிலைமை. இளைஞர்கள் தாங்களே கண்டுபிடித்து இவ்வளவு பொருத்தமாக வைத்துக்கொண்ட சொல் இது. கலாய்ப்பது, ஓட்டுவது, கடி என்று இந்தக் கலைக்கு வேண்டிய சொற்களில் பாதி அவர்கள் வாயிலேயே இருக்கின்றன. அகராதிக்காரர்கள் வந்து செய்துகொடுக்க வேண்டியதில்லை. பெயர் மட்டும்தான் இல்லை.

அவன் இன்னும் பேசினான். "அழுதுட்டு இருக்கறப்பவே சொன்னா அது புலம்பல் டீச்சர். பாட்டி செத்து ரெண்டு வருஷம் நான் அவங்களைப் பத்தி மேடையில வாயே தொறக்கலை." அம்மாவைப் பற்றிய கதை எதையும் முதலில் அம்மாவிடமே சொல்லிப் பார்ப்பானாம். அம்மா முகம் சுருங்கினால் அந்தக் கதை அன்றைக்கே போய்விடும். ஒரு தடவை நண்பன் ஒருவனின் காதல் முறிந்த கதையை அவனைக் கேட்காமல் மேடையில் சொல்லிவிட்டான். சரியான சிரிப்பு. அந்த நண்பன் எட்டு மாதம் பேசவில்லை. "அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குது டீச்சர், நல்லாவே இல்லை."

‘நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி’ என்கிறது குறள். விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்ந்தால் அது வலிக்கும். இது வருவது பண்புடைமை அதிகாரத்தில், 995-ஆவது குறள். அதே அதிகாரத்தில் 999-ஆவது குறளில்தான் எனக்கு ஒரு சொல் கிடைத்தது போலிருந்தது: நகல்வல்லர். பிறரோடு கலந்து மகிழத் தெரிந்தவர். அப்படித் தெரியாதவருக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டில் கிடக்கிறது என்கிறார் வள்ளுவர். நகு என்றால் ஒளி என்று மேலே சொன்னேன் அல்லவா, இங்கே அது எப்படி வந்து விழுகிறது பாருங்கள்! மேடையில் நிற்பவரை நகல்வல்லர் என்று சொல்லிவிடலாமே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் தெரிந்தது, முடியாது. நகல் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் காப்பிதான். அந்த நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்த வேறு சொல். ஆனால் கேட்கிறவர் காதில் நகல்வல்லர் என்றால் அடுத்தவர் ஜோக்கைத் திருடிச் சொல்பவர் என்றுதான் விழும். சொந்தக் கதை சொல்லும் கலைக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. வருத்தத்தோடு விட்டுவிட்டேன்.

மற்ற சொற்கள்? பபூன் இத்தாலிய மொழியில் கன்னத்தை உப்புவதிலிருந்து வந்த சொல். ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராத்திரி முதலில் தனியாக வந்து ஜனங்களிடம் நேராகப் பேசுபவர் பபூன்தான். ஸ்டாண்ட்-அப்புக்கு நம் ஊரில் மிக நெருங்கியவர் அவரே. ஆனால் பபூன், கோமாளி இரண்டையும் நாம் வசவாக்கிவிட்டோம். விகடம் என்ற வடசொல்லின் அடிப்பொருள் உருத்திரிந்தது, கோரமானது. அதுவும் முகத்தைக் கோணுவதைத்தான் நினைவுபடுத்துகிறது. பேசுவது அதில் இல்லை.

நின்றுரை நகைச்சுவை என்பது நேர் மொழிபெயர்ப்பு. இங்கே ‘நின்று’ எதற்கு? வில்லுப்பாட்டுக்காரர் உட்கார்ந்து பாடுவார். கதாகாலட்சேபம் செய்பவர் சப்ளாக்கட்டையோடு நின்று சொல்வார். பட்டிமன்றத்தில் மைக் முன்னால் நிற்பார்கள். நம் ஊரில் பேச்சாளர் நிற்பது ஒரு புதுமையே அல்ல, அதைப் பெயரில் வைத்தால் தமிழ்க் காதுக்கு ஒன்றும் சொல்லாது. மேடைச் சிரிப்புரை என்று சிலர் எழுதுகிறார்கள். பிழையில்லை, புரிகிறது. ஆனால் மேடை தேவையா? பேக்கரி மாடியில் மேடை கிடையாது. சிரிப்பு என்பது சத்தம், அந்த அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டது சத்தத்தில் அடங்காது.

மிமிக்ரிக்குப் பலகுரல் என்ற சொல் எப்படி நிலைத்தது? கலைஞர் என்ன செய்கிறாரோ அதை மட்டும், சின்னதாக, சொன்னது. அதே வழியில் போனால் நகையுரை. செய்பவர் நகையுரையாளர். நகை சிரிப்பு, உரை பேச்சு. நான்கு எழுத்து, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

பையனுக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "டீச்சர், நகையை உரைச்சுப் பாக்கறதுன்னு நெனைச்சுக்க மாட்டாங்களா? அடகுக் கடையில கல்லுல தேய்ப்பாங்களே?"

நான் யோசிக்கவே இல்லை அதை. உரை என்றால் தேய் என்றும் பொருள். தங்கம் அசலா போலியா என்று தேய்த்துப் பார்க்கும் கல் உரைகல். ஒரு நிமிடம் சொல் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். அப்புறம் அந்த மாடி ஞாபகம் வந்தது. ஒருவன் தன் கதையைக் கொண்டுவந்து முப்பது பேர் முன்னால் வைக்கிறான். டவர் கதை மாற்று குறைந்தது, பாட்டி கதை நின்றது. சாயங்காலம் முழுக்க நடந்தது அந்த உரைத்துப் பார்த்தல்தானே? "நெனைச்சுக்கட்டும்டா, அதுவும் சரிதான்" என்றேன்.

நேற்று போஸ்டரின் போட்டோ அனுப்பியிருந்தான். மார்க்கர் பேனாவில் அவன் கையெழுத்து, பத்தாம் வகுப்பில் இருந்த அதே கோணல் ‘ழ’. ‘நகையுரை. சனிக்கிழமை மாலை 5 மணி. பேக்கரி மாடி. கடைசி பஸ்ஸுக்குள் முடித்துவிடுவோம்.’